எடை பார்த்து நகரும் காற்று

குகை 'மூச்சு விடுகிறது' என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். மூச்சு விட நுரையீரல் வேண்டும், விலா எலும்பு வேண்டும். பாறைக்கு இரண்டும் கிடையாது. பாறைக்குள் இருக்கும் காற்றுக்கு ஓர் எடை இருக்கிறது, வெளியே இருக்கும் காற்றுக்கு ஓர் எடை இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத வரை ஏதாவது ஒரு பக்கமாகக் காற்று நகர்ந்துகொண்டே இருக்கும். பாதி விஷயம் இவ்வளவுதான். மீதிப் பாதி என் பணிக்காலம் முழுவதையும் தின்றது.

நிலத்தடிச் சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எந்தப் பாதையில் எவ்வளவு காற்று போகிறது, எங்கே கசிகிறது, எங்கே தேங்குகிறது என்று அளந்து எழுதுவதுதான் வேலை. தோளில் காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர், பையில் காற்றின் போக்கைப் புகைவிட்டுக் காட்டும் புகைக்குழல், கையில் சுழற்றிப் பார்க்கும் ஈரப்பதமானி. ஓய்வு பெற்ற பிறகு குகை ஆய்வு செய்யும் இளைஞர்களோடு சுற்றுகிறேன். அவர்கள் எங்காவது ஒரு பொந்தைக் கண்டுபிடித்துவிட்டு, "இதில் காற்று வருகிறது சார், உள்ளே பெரிய குகை இருக்கிறது" என்று அழைப்பார்கள். நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு வந்தது?" என்பதுதான். பொந்தின் அகலத்தையோ ஆழத்தையோ கேட்காமல் மணி கேட்கும் கிழவனை அவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஏன் மணி கேட்கிறேன் என்பதை விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒரு மலைக்குள் குகை. அதற்கு இரண்டு வாய். ஒன்று அடிவாரத்தில், இன்னொன்று அதற்கு 100 மீட்டர் மேலே. குகைக்குள் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்த இடத்து வெளிக்காற்றின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை எதுவோ, அதையொட்டித்தான் பாறையின் வெப்பநிலையும் நிற்கும். 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெளியே நண்பகல் வெயில், 30 டிகிரி. இப்போது ஒரு சதுர மீட்டர் அகலத்தில் 100 மீட்டர் உயரத்துக்கு ஒரு காற்றுத் தூணை மலைக்குள்ளும் இன்னொன்றை மலைக்கு வெளியிலும் மனத்தில் நிறுத்துங்கள். கடல் மட்டத்துக் கணக்கில் உள்ளே இருக்கும் தூணின் எடை சுமார் 120 கிலோ. வெளியே இருப்பது 116 கிலோவுக்குச் சற்று மேல். தராசின் இரண்டு தட்டுகள் போலத்தான் இந்த இரண்டு தூண்களும். உள்தட்டு நான்கு கிலோ கனமாக இருப்பதால் அது இறங்குகிறது. குளிர்ந்த குகைக்காற்று கீழ் வாய் வழியே வெளியே வழிகிறது. அதன் இடத்தை நிரப்ப மேல் வாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது.

இரவில் வெளியே 10 டிகிரிக்கு இறங்கினால் தட்டு மாறிவிடும். இப்போது வெளித்தூண் கனம், உள்தூண் லேசு. கீழ் வாய் காற்றை உறிஞ்சும், மேல் வாய் கக்கும். குளிர்நாடுகளில் இந்த மாற்றம் பருவத்துக்குப் பருவம் நடக்கும். கோடை முழுவதும் ஒரு திசை, குளிர்காலம் முழுவதும் மறு திசை. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் பகலில் ஒன்று, இரவில் ஒன்று. பருவத்துக்குப் பருவம் வெப்பநிலை அதிகம் மாறாத வெப்பமண்டலத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் இந்த 'இடைப்பட்ட வாரங்கள்' மாதிரிதான். புகைபோக்கி விளைவு என்று இதற்குப் பெயர்.

நான்கு கிலோ ஒன்றும் பெரிய எடை இல்லை. ஒரு சதுர மீட்டர் மீது நான்கு கிலோ என்றால் நான்கு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், ஏறக்குறைய 40 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் பாதையில் உராய்வே இல்லாவிட்டால் இந்த அற்ப அழுத்தம் காற்றை நொடிக்கு 8 மீட்டர் வேகத்துக்குத் தள்ளிவிடும். உண்மையான குகையில் வளைவும் இடுக்கும் சரிந்த பாறைக் குவியலும் அந்த வேகத்தில் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொள்ளும். மீதமிருப்பதுதான் உங்கள் முகத்தில் படுவது.

உள்ளேயும் வெளியேயும் வெப்பநிலை ஒன்றாகும் நேரம் ஒன்று உண்டு. தராசு நேராக நிற்கும், காற்று அடங்கிவிடும். மாலையோ விடிகாலையோ அந்த நேரத்தில் போய் நின்றுவிட்டு, "இந்தத் துளையில் காற்றே இல்லை, இது முட்டுச்சந்து" என்று குறிப்பெழுதிவிட்டுப் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். அந்தக் குறிப்பில் நேரமும் இருக்காது, வெளி வெப்பநிலையும் இருக்காது. இரண்டும் இல்லாத காற்றுக் குறிப்பை நான் படிப்பதே இல்லை.

ஒரே வாய் உள்ள குகையிலும் எடை தன் வேலையைக் காட்டும். குளிர்ந்த இரவில் அப்படிப்பட்ட ஒரு குகையின் வாயில் தரையோரம் ஒரு கம்பளி நூலைப் பிடியுங்கள். நூல் உள்பக்கமாகச் சாயும். அதே நூலைக் கூரையருகே தூக்கிப் பிடித்தால் வெளிப்பக்கமாகச் சாயும். கனமான குளிர்காற்று தரையோடு ஊர்ந்து உள்ளே போகிறது, லேசான காற்று அதன் தலைக்கு மேலே வெளியே வருகிறது. நடுவில் எங்கோ ஓர் உயரத்தில் நூல் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒரே பாதை, இரண்டு திசை. இடுப்பு உயரத்தில் மட்டும் அளப்பவருக்கு எதுவுமே நடக்காதது போலத் தெரியும். அகலமான செங்குத்துக் குழிகளிலும் இப்படித்தான். ஒரு சுவரோரம் குளிர்காற்று இறங்கும், எதிர்ச்சுவரோரம் ஏறும். கயிற்றில் தொங்கிக்கொண்டே இறங்குபவர் அந்த எல்லையைக் கடக்கும்போது சட்டைக்குள் அதை உணர்வார்.

மேலே மட்டும் திறந்திருக்கும் ஆழமான குழியில் குளிர்காலக் காற்று இறங்கி அடியில் தங்கிவிடும். கோடை வந்தாலும் மேலே இருக்கும் லேசான சூடான காற்றால் அந்தக் கனமான காற்றைக் கிளப்ப முடியாது. வெளியே வெயில் கொளுத்தும்போதும் சில குழிகளின் அடியில் பனிக்கட்டி கரையாமல் கிடப்பது இதனால்தான். இதற்கு நேர்மாறாக, அடியில் திறந்து மேலே மூடியிருக்கும் பாதையில் சூடான காற்று கூரையில் போய்ச் சிறைப்படும்.

இரண்டு வாய்க்குகைகளில் நேர்த்தியான எடுத்துக்காட்டு ஆஸ்திரியாவின் வெர்ஃபென் அருகே இருக்கும் ஐஸ்ரீசன்வெல்ட். 40 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுண்ணாம்புக் குகை அது. வாயிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மட்டும் பனிக்கட்டி. உள்ளே மேலும் போனால் வெறும் பாறை. எல்லாக் குகையிலும் உள்ளே போகப் போகக் குளிரும் என்று நினைப்பவர்களுக்கு இது புதிராக இருக்கும். குளிர்காலத்தில் மலையின் உள்காற்று வெளியை விடச் சூடாக இருப்பதால் மேலே ஏறி உச்சிப் பிளவுகள் வழியே வெளியேறுகிறது. கீழ் வாய் உறைநிலைக் காற்றை இழுத்து முதல் ஒரு கிலோமீட்டர் பாறையைக் குளிர்விக்கிறது. அதற்குள் காற்று சூடேறிவிடுவதால் அதற்கப்பால் உறைவதில்லை. வசந்தத்தில் உருகும் பனிநீர் கசிந்து இறங்கி அந்தக் குளிர்ந்த பாறையில் பட்டு உறைகிறது. கோடையில் திசை மாறி அதே வாயிலிருந்து குளிர்காற்று பீறிடுகிறது. அங்கே ஒரு கதவு போட்டிருக்கிறார்கள். கோடையில் பார்வையாளர்களுக்காக அதைத் திறக்கும்போது கையிலிருக்கும் விளக்கு அணைந்துபோகும் அளவுக்குக் காற்று வீசும்.

இது வரை சொன்னது வெப்பமானி ஓட்டும் காற்று. காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் ஓட்டும் காற்று வேறு ஜாதி.

1881-ல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஜெஸ்ஸி பிங்ஹாம், டாம் பிங்ஹாம் என்ற சகோதரர்கள் தரையில் ஒரு சிறு துளையிலிருந்து காற்று சீறுவதைக் கண்டார்கள். குனிந்து பார்த்தவரின் தொப்பியைக் காற்று தூக்கி எறிந்தது. சில நாட்கள் கழித்து நண்பர்களை அழைத்துவந்து வேடிக்கை காட்டத் தொப்பியைத் துளைக்கு மேல் பிடித்தபோது, காற்று அதை உள்ளே இழுத்துக்கொண்டது என்று கதை. தொப்பியின் கதையில் எவ்வளவு மெருகு ஏறியதோ, இயற்பியலில் பிழையில்லை. அந்தத் துளை லக்கோட்டா பழங்குடி மக்களுக்கு வெகுகாலம் முன்பே தெரிந்த புனித இடம். விண்ட் கேவ் என்ற பெயரில் அது 1903-ல் தேசியப் பூங்காவாக ஆனது. பக்கத்திலேயே ஜுவல் கேவ். 1900 வாக்கில் அதைக் கண்டவர்களும் பாறை இடுக்கில் காற்றின் சத்தத்தைக் கேட்டுத்தான் வழியைப் பெரிதாக்கினார்கள்.

இந்தக் குகைகளின் நிலத்தடி அளவோடு ஒப்பிட்டால் வெளியோடு இருக்கும் தொடர்பு மிகச் சிறியது. வெளியே காற்றழுத்தம் குறையும்போது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று தன் பழைய அழுத்தத்தோடு வெளியே தள்ளப்படுகிறது. அழுத்தம் கூடும்போது வெளிக்காற்று உள்ளே திணிக்கப்படுகிறது. புயல் நெருங்கினால் குகை ஊதும். வானம் தெளிந்து அழுத்தம் ஏறினால் உறிஞ்சும். வெப்பநிலைக்கு இதில் பெரிய பங்கில்லை. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தால் காற்று வெளியேதான் வரும்.

இந்த வகைக் காற்றை எனக்கு மிகவும் பிடிக்கும். காரணம் எளிமையானது: இது தன் வீட்டின் அளவைச் சொல்லிவிடும். வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1,000 மில்லிபார். அது 10 மில்லிபார் இறங்குகிறது என்றால் நூற்றில் ஒரு பங்கு. எனவே குகைக்குள் இருக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்கு வெளியே வந்தாக வேண்டும். ஒரு சதுர மீட்டர் அளவுள்ள வாயிலிருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 10 மணி நேரம் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தது 3,60,000 கன மீட்டர். அது நூற்றில் ஒரு பங்கு என்றால் உள்ளே இருக்கும் காலி இடம் 3.6 கோடி கன மீட்டர். அந்தக் குகைக்குள் யாரும் காலடி வைத்திருக்கத் தேவையில்லை. வாயில் உட்கார்ந்துகொண்டே கணக்குப் போட்டுவிடலாம்.

ஹெர்ப் கான் என்பவர் செய்தது இதைத்தான். அவரும் அவர் மனைவி ஜான் கானும் ஜுவல் கேவின் பாதைகளைப் பல ஆண்டுகள் தவழ்ந்து அளந்தவர்கள். விண்ட், ஜுவல் குகைகளின் காற்றைப் பாரோமீட்டரோடு ஒப்பிட்டு 1966-ல் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். காற்றின் அளவு சொல்லும் கொள்ளளவுக்கும், அதுவரை மனிதர்கள் போய் வந்த பாதைகளின் கொள்ளளவுக்கும் சம்பந்தமே இல்லை. கண்டறிந்தது மொத்தத்தில் ஒரு சிறு துணுக்குதான் என்று காற்று சொன்னது. இன்று ஜுவல் கேவில் வரைபடமாக்கிய பாதைகள் 320 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. காற்றின் கணக்கு இன்னும் தீரவில்லை. ஒரு ஸ்டாப்வாட்சும் காற்றுமானியும் பொறுமையும் கொண்டு ஒருவர் இவ்வளவு தூரம் பார்த்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது.

வெப்பமண்டலத்தில் வேறொரு சிக்கல். அங்கே புயல் ஏதும் இல்லாத நாட்களிலும் காற்றழுத்தம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை 10 மணியை ஒட்டி ஓர் உச்சம், இரவு 10 மணியை ஒட்டி இன்னோர் உச்சம். ஏற்ற இறக்கம் ஏறக்குறைய மூன்று மில்லிபார். பெரிய வயிறும் சிறிய வாயும் கொண்ட குகைக்கு இது போதும், ஒரே நாளில் நான்கு முறை திசை மாறும். மணி கேட்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சில்லறைக் காரணங்களும் உண்டு. மலைமேல் வீசும் காற்று நேராக ஒரு வாயில் மோதினால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்திலேயே 60 பாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். மேலே சொன்ன பத்து டிகிரி வித்தியாசத்தை விட அது அதிகம். அதனால் காற்றடிக்கும் நாளில் அளப்பதில் அர்த்தமில்லை. உள்ளே அருவி விழுந்தால் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்கும். செங்குத்துக் குழியின் அடியில் நிற்பவர் முதலில் நனைவது இந்தக் காற்று கொண்டுவரும் சாரலில்தான். ஈரக்காற்று உலர்ந்த காற்றை விட லேசு. கரியமில வாயு காற்றை விடக் கனம். குகைக்காற்றில் அது நூற்றுக்கு ஒன்று கலந்திருந்தால், காற்று ஒன்றரை டிகிரி குளிர்ந்ததற்குச் சமமான எடை கூடிவிடும். உள்ளும் புறமும் வெப்பநிலை நெருங்கி நிற்கும் நாட்களில் இந்தச் சிறு எடை திசையையே மாற்றக்கூடும். இவை தவிர, சில குகை வாய்களில் நொடிக்கணக்கிலோ நிமிடக்கணக்கிலோ காற்று உள்ளும் வெளியுமாக ஊசலாடும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதிர்வு என்று இயற்பியலில் சொல்வார்கள். 'மூச்சு' என்று எழுதத் தூண்டுவது பெரும்பாலும் இதுதான். இந்த ஒன்றை மட்டும் மன்னித்துவிடலாம்.

சுரங்கத்துக்கு வருகிறேன், அது என் பிறந்த வீடு மாதிரி.

குகையில் காற்று எப்படிப் போனாலும் நமக்கு வேடிக்கை. சுரங்கத்தில் அது நின்றால் ஆள் சாவான். அதனால் சுரங்கத் தொழில் இந்த எடைக் கணக்கை வெகுகாலம் முன்பே படித்துக்கொண்டது. ஜெர்மன் அறிஞர் அக்ரிகோலாவின் சுரங்க நூல் 1556-ல் வெளிவந்தது. காற்றைத் தானே ஓடவிட்டால் பருவத்துக்கேற்ப அது திசை மாறும் என்பது அதில் இருக்கிறது. ஓடாதபோது துருத்தியும் விசிறியும் கொண்டு அதை எப்படி உள்ளே செலுத்துவது என்பதும் படங்களோடு இருக்கிறது.

பிறகு நிலக்கரிச் சுரங்கங்கள் ஆழமானபோது ஒரு துணிச்சலான யோசனை பிறந்தது. இரண்டு ஷாஃப்ட்கள், அதாவது தரையிலிருந்து செங்குத்தாக இறங்கும் சுரங்கக் குழிகள். ஒன்றின் அடியில் பெரிய உலையை மூட்டி எரிய விடுவது. அந்த ஷாஃப்டின் காற்று சூடாகி லேசாகி மேலே போகும். மற்றொரு ஷாஃப்ட் வழியே வெளிக்காற்று இறங்கி, சுரங்கம் முழுவதையும் சுற்றிவந்து உலையை அடையும். வெயிலும் பனியும் செய்வதை நெருப்பால் செய்வது, அவ்வளவுதான். ஆனால் சுற்றிவரும் காற்றில் மீத்தேன் கலந்திருந்தால்? அதை உலைக்கு மேலே ஷாஃப்டில் சேரும்படி தனியாக ஒரு வழி வெட்டி அனுப்புவார்கள். வெடிவாயுவைத் தீயின் தலைக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டை நம்பி மனிதர்கள் தினமும் கீழே இறங்கினார்கள்.

இரண்டு ஷாஃப்ட் தோண்டச் செலவு அதிகம் என்று சிலர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குள் மரத்தடுப்பு ஒன்றை மேலிருந்து கீழ் வரை நட்டு, ஒரு பாதியில் காற்றை இறக்கி மறுபாதியில் ஏற்றுவது. இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கம் அப்படிப்பட்டது. 1862 ஜனவரி 16 அன்று நீர் இறைக்கும் இயந்திரத்தின் பிரம்மாண்டமான இரும்பு உத்தரம் ஒடிந்து ஷாஃப்டுக்குள் விழுந்தது. தடுப்பை உடைத்துக்கொண்டு போய் வழியை அடைத்தது. ஆள் வரும் வழியும் காற்று வரும் வழியும் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே நொடியில் போயின. 204 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை நசுக்கியது இரும்பு அல்ல, அடைபட்ட வாயுதான் கொன்றது. அதே ஆண்டில் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரண்டு வழிகள் கட்டாயம் என்று சட்டம் வந்தது.

இன்று உலைக்குப் பதில் மேலே ராட்சத மின்விசிறி. ஆனாலும் இயற்கையின் தராசை யாரும் கழற்றிப் போடவில்லை. விசிறியின் அழுத்தத்தோடு இயற்கைக் காற்றோட்ட அழுத்தத்தையும் சேர்த்தோ கழித்தோதான் கணக்கெழுதுவோம். சில பருவங்களில் அது விசிறிக்குத் தோள் கொடுக்கும், சில பருவங்களில் எதிர்த்து நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை அழைத்துக்கொண்டு சுற்றிய மூத்த மேஸ்திரி ஒருவர் சொன்னார்: "தம்பி, காற்று மாதிரி சோம்பேறி உலகத்தில் இல்லை. குறுக்கு வழி ஒன்றைக் காட்டினால் போதும், கடைசியில் வேலை செய்பவனை எட்டியே பார்க்காது." உண்மை. உள்ளே வரும் பாதைக்கும் வெளியே போகும் பாதைக்கும் இடையிலுள்ள ஒரு கதவு சரியாக மூடாவிட்டால், காற்று அதன் வழியே திரும்பிப் போய்விடும். பாதி நேரம் எங்கள் வேலை காற்றைத் தள்ளுவது அல்ல, அதற்குக் குறுக்கு வழி இல்லாமல் பார்த்துக்கொள்வது. தடுப்புச் சுவர்களில் விரிசல் தேடிப் புகைக்குழலைப் பிடித்தபடி நடந்த தூரம் கொஞ்சமில்லை.

அடுத்து, அந்தப் பொல்லாத இருமடி விதி. 1854-ல் ஜான் ஜாப் அட்கின்சன் சுரங்கக் காற்றுக்கு எழுதிவைத்தது இது. காற்றின் அளவை இருமடங்காக்க வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்கு வேண்டும். மின்சாரம் எட்டு மடங்கு. வட்டமான பாதையின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் தடை 32 மடங்காகும். குகையில் ஒரே ஒரு இடுக்கு மொத்தக் காற்றையும் ஆட்டிவைப்பது இதனால்தான். கிலோமீட்டர் கணக்கில் அகலமான பாதை இருந்தாலும் நடுவில் ஆள் நுழையாத ஒரு வெடிப்பு இருந்தால், காற்றின் அளவைத் தீர்மானிப்பது அந்த வெடிப்புதான். அங்கே வேகம் சீறும். அதைத் தாண்டி பெரிய அறைக்குள் போனால் அதே காற்று பரவி, கன்னத்தில்கூடப் படாது. புதியவர்கள் அந்த அறையில்தான் "காற்று தொலைந்துவிட்டது" என்று திகைத்து நிற்பார்கள். தொலையவில்லை. அறையின் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு பொந்தாகப் பார்த்தால் இன்னோர் இடுக்கில் மீண்டும் பிடிபடும்.

மிக ஆழமான ஷாஃப்ட்களில் காற்று இறங்குவதே ஒரு வில்லங்கம். கீழே போகப் போக மேலிருக்கும் காற்றின் எடையால் அது அமுங்கும், அமுங்கும்போது சூடேறும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் உலர்ந்த காற்று 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடாகும். அழுத்தமும் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். பாறையைத் தொடாமலே இவ்வளவு. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். தென்னாப்பிரிக்காவின் எம்பொனெங் நான்கு கிலோமீட்டரை நெருங்குகிறது, அங்கே பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டும். மேலே குளிரூட்டி அனுப்பும் காற்று கீழே போய்ச் சேர்வதற்குள் அந்தக் குளிர்ச்சியில் பெரும்பகுதியை இழந்துவிடும். அதனால் பனிக்கட்டிக் குழம்பையே குழாய் வழியே இறக்குகிறார்கள்.

வெளியேறும் ஷாஃப்டில் இதற்கு நேர் எதிர். ஈரத்தோடு ஏறும் காற்று விரிந்து குளிரும், நீராவி துளியாகும், ஷாஃப்டுக்குள்ளேயே மூடுபனி உருவாகும். காற்றின் வேகம் நொடிக்கு 7 முதல் 12 மீட்டருக்குள் இருந்தால் அந்தத் துளிகள் கீழே விழவும் முடியாமல் மேலே போகவும் முடியாமல் நடுவில் தொங்கிச் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்த நீர்ப்போர்வை விசிறிக்கே எதிர்ப்பாகி அதைத் திணற வைக்கும், பிறகு மொத்தமாகச் சரிந்து விழும். அந்த வேகத்தைத் தவிர்த்துத்தான் ஷாஃப்டின் அகலத்தை வடிவமைப்பார்கள். சுரங்கத்துக்குள் மழையை உண்டாக்கும் காற்று என்று சொன்னால் வெளியே யாரும் நம்புவதில்லை.

மீண்டும் குகைக்கு. காற்று வந்தால் வழி இருக்கிறது என்பது குகைக்காரர்களின் நம்பிக்கை. பாதி சரி. காற்றுக்கு விரல் நுழையும் வழி போதும். சரிந்த பாறைக் குவியலுக்குள் ஆயிரம் சந்துகளாகப் பிரிந்து போகும் காற்றை நம்பித் தோண்டினால் ஆயுளுக்கும் தோண்டலாம். காற்று வராததாலும் ஒன்றும் முடிந்துவிடவில்லை. நடுவில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் கூரை வரை நிறைந்திருந்தால் அப்பால் எத்தனை கிலோமீட்டர் பாதை இருந்தாலும் இப்பக்கம் நூல் அசையாது.

நான் பார்ப்பது வேறு சில. வெளிவரும் காற்றின் வெப்பநிலை ஒன்று. வெளியே எப்படி மாறினாலும் அது பாறையின் வெப்பநிலையிலேயே நின்றால், நீண்ட தூரம் பாறையோடு உரசி வந்த காற்று. வெளி வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் பக்கத்தில் எங்கோ நுழைந்து இங்கே வெளிவருகிறது, அதில் மட்கிய இலையின் வாசமும் இருக்கும். அடுத்து, திசை எதைப் பின்தொடர்கிறது என்பது. துளையருகே வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பதிவு செய்யும் சிறு கருவிகளை ஓரிரு நாட்கள் விட்டுவிட்டு, பிறகு இரண்டு கோடுகளையும் காற்றின் கோட்டோடு ஒட்டிப் பார்த்தால் போதும். வெப்பநிலையோடு சேர்ந்து திசை மாறினால் இன்னொரு வாய் வேறு உயரத்தில் இருக்கிறது, மலைமேல் ஏறித் தேடுங்கள். அழுத்தத்தோடு சேர்ந்து மாறினால் மேலே தேடி அலைய வேண்டாம், பெரிய வயிறு கீழே இருக்கிறது. குளிர்நாடுகளில் இன்னும் எளிது. பனி மூடிய சரிவில் வட்டமாக உருகிய இடங்கள்தான் குளிர்காலத்தில் சூடான காற்றைக் கக்கும் மேல் வாய்கள்.

நியூ மெக்ஸிகோவில் லெச்சுகுய்யா என்ற குழி பல ஆண்டுகள் யாருக்கும் சுவாரஸ்யமில்லாத முட்டுச்சந்தாகவே கிடந்தது. அடியில் கிடந்த கற்குவியலுக்குள்ளிருந்து காற்றின் இரைச்சல் கேட்டது. அழுத்தம் மாறும்போதெல்லாம் கேட்டது, அதுதான் முக்கியம். அனுமதி வாங்கித் தோண்டினார்கள், 1986 மே மாதம் வழி திறந்தது. இன்று அது 240 கிலோமீட்டருக்கு அளக்கப்பட்ட குகை. தோண்டியவர்களிடம் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு செய்ததுதான். திறந்த வழியில் எஃகுக் குழாயை இறக்கிக் காற்று புகாத கதவைப் பொருத்தினார்கள்.

அந்தக் கதவு ஏன் வேண்டும் என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருந்தது. கார்ல்ஸ்பாட் குகையில் பார்வையாளர்களுக்காக 1930களின் தொடக்கத்தில் சுமார் 230 மீட்டர் ஆழத்துக்கு லிஃப்ட் குழி வெட்டினார்கள். லிஃப்ட் என்று நினைத்து வெட்டியது உயரமான இரண்டாவது வாய். குகையின் ஈரமான காற்று அதன் வழியே மேலேறிப் போனது, அதற்கு ஈடாகப் பாலைவனத்தின் உலர்ந்த காற்று உள்ளே வந்தது. குளங்களும் சுவர்களும் உலர ஆரம்பித்தன. காற்றடைப்புக் கதவுகள் வைக்க 1970கள் ஆயின. பிரான்ஸின் லாஸ்கோ குகையில் ஓவியங்களைப் பார்க்க 1948 முதல் கூட்டம் கூட்டமாக மக்களை விட்டார்கள். அவர்கள் மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் சுவர்களைத் தாக்க, 1963-ல் மூடவேண்டியதாயிற்று. பின்னர் உள்ளே காற்றைச் சீராக வைத்திருந்த பழைய ஏற்பாட்டை மாற்றிப் புதிய இயந்திரம் வைத்த சிறிது காலத்தில், 2001-ல், வெண்பூஞ்சை பரவியது. எது எதனால் என்ற விவாதம் தனி. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓடிப் பழகிய காற்றில் கைவைப்பது சின்ன வேலையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதனால்தான் இளைஞர்கள் பொந்தைத் தோண்டப் போகும்போது இன்னொன்றையும் கேட்கிறேன்: எதை வைத்து மூடப் போகிறீர்கள்? தோண்டும் நாளில் இரவு திரும்பும் முன் பலகையோ கல்லோ மண்மூட்டையோ கொண்டு பழைய இடுக்கின் அளவுக்கு அடைத்துவிட்டு வர வேண்டும். அடைத்த பிறகு விளிம்பைச் சுற்றிப் புகை பிடித்துப் பார்க்க வேண்டும். கசிவு எங்கே என்று புகை காட்டும் இடத்தில் ஈர மண்ணை அப்ப வேண்டும். சுரங்கத்தில் தடுப்புச் சுவருக்குச் செய்ததும் இதேதான். இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும், பசியோடு இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே செய்யட்டும்.